ஒன்பதாவது மாடியில் ஹிப்போகாம்பஸ்

மறதி நோயாக இருக்குமோ என்று சந்தேகித்து எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில் மருத்துவர் முதலில் தேடுவது ஒரு கறுப்பு இடைவெளியை. காதுகளுக்கு நேர் உள்ளே, நெற்றிப்பொட்டை ஒட்டிய மடலின் அடியில், ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறு பகுதி வளைந்து படுத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் மூன்று கன சென்டிமீட்டர். அது சுருங்கச் சுருங்க அதைச் சுற்றியுள்ள நீர்வெளி அகலமாகி, படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பின் அகலத்தைக் கண்ணால் அளந்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறையை 1992இல் நெதர்லாந்தின் ஃபிலிப் ஷெல்டன்ஸ் குழுவினர் வகுத்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மதிப்பெண் 3 வாங்கிய ஒருவர் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பார். 1 வாங்கிய இன்னொருவருக்குத் தன் வீட்டுக் குளியலறைக் கதவு எது என்று தெரியாது. படத்துக்கும் வாழ்க்கைக்குமான இந்தப் பொருத்தமின்மைதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அதை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பேசுவதைவிடக் கம்போங் மேடானில் வைத்துப் பேசுவது சுலபம்.

கோலாலம்பூரிலிருந்து பழைய கிள்ளான் சாலையில் போனால் பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது கம்போங் மேடான். 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பறித்த கலவரத்தோடு சேர்த்தே வெளியுலகம் இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கிறது. அங்கே குடியிருக்கும் தமிழர்கள் பலருக்கு அது தோட்டம் போன பிறகு வந்து சேர்ந்த இடம். பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியும் போனபோது, லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் இந்த மாதிரிக் கம்பங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டன. பக்கத்துக் கம்பங்களுக்கு இருந்த பெயர்கள் கம்போங் காந்தி, கம்போங் முனியாண்டி. யார் வந்து குடியேறினார்கள் என்று வேறு ஆதாரம் தேவையில்லை. பிறகு பலகை வீடுகளும் உடைபட்டன. அன்று இளம் தம்பதிகளாக வந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள்.

2018இல் மலேசிய சுகாதார அமைச்சு முதியோரை மட்டும் வைத்து நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். பெண்களிடமும், பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இது அதிகம். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டியின் முகம் தானாக வந்து நிற்கிறது. அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். வயது 76. மகன் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்.

அவருக்கு வந்திருப்பது அல்சைமர் என்றால், ஹிப்போகாம்பஸுக்கு முன்பே அடிவாங்கியிருப்பது அதன் வாசலில் இருக்கும் என்டோரைனல் புறணி. வெளியிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் ஹிப்போகாம்பஸுக்குள் போகின்றன. 1991இல் ஜெர்மானியத் தம்பதியான ஹைக்கோ பிராக்கும் ஈவா பிராக்கும், இறந்தவர்களின் மூளைகளைச் சீவிப் பார்த்து, டாவ் என்ற புரதத்தின் முடிச்சுகள் எந்த வரிசையில் பரவுகின்றன என்று வரைந்தார்கள். முதலில் இந்த வாசல் பகுதி, பிறகு ஹிப்போகாம்பஸ், பிறகு மொழிக்கும் திட்டமிடலுக்குமான புறணி. கண்பார்வையையும் கைகால் அசைவையும் நேரடியாக ஆளும் பகுதிகளுக்குக் கடைசியில்தான் வந்து சேர்கின்றன. 1996இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இன்னும் கலங்க வைக்கும்: நோய் மிக லேசாக இருந்தபோதே இறந்துபோனவர்களின் என்டோரைனல் புறணியில், இரண்டாம் அடுக்கு நியூரான்களில் சுமார் 60 விழுக்காடு போயிருந்தது. வீட்டில் உள்ளவர்கள் 'கொஞ்சம் மறதிதான், வேறொன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த இரண்டாம் அடுக்கு செய்யும் வேலை என்ன? 2005இல் நார்வேயின் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், எலியின் என்டோரைனல் புறணியில் இடத்தைக் கட்டம் போட்டு அளக்கும் செல்களைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜான் ஓ'கீஃப், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை ஹிப்போகாம்பஸில் கண்டிருந்தார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறதோ, அல்சைமர் முதலில் கைவைப்பதும் அங்கேயேதான். அதனால்தான் 'பாட்டி பேரை மறந்துட்டாங்க' என்பதற்கு முன்பே பல வீடுகளில் 'பாட்டி வழி தவறிட்டாங்க' என்பது நடந்துவிடுகிறது.

இங்கே அடுக்குமாடிக் கட்டடம் தன் பங்கைச் செய்கிறது. கம்பத்தில் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க ஆயிரம் அடையாளம் இருந்தது: முருங்கை மரம், சாக்கடைப் பாலம், நாய் கட்டியிருக்கும் வேலி, மூலையில் முனீஸ்வரன் மேடை. அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் வித்தியாசம் சுவரில் எழுதிய எண் மட்டும். லிஃப்ட் கதவு திறந்தால் அதே நடைபாதை, அதே இரும்புக் கதவுகள், அதே காயப்போட்ட துணி. ஒரே மாதிரியான அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அமைத்து எலிகளை விட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. இடத்தைச் சொல்லும் செல்கள் எல்லா அறைகளிலும் ஒரே மூலையில் துடித்தன. எது எந்த அறை என்று அவற்றால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. ஆரோக்கியமான எலிக்கே இந்தக் கதி. வாசல் புறணி பாதி போன ஒருவர் எட்டாவது மாடியில் இறங்கி, தன் வீடு என்று நினைத்து அடுத்தவர் கதவைத் தட்டினால், அது மூளையின் குறை மட்டுமா, கட்டடத்தின் குறையுமா? என்னைக் கேட்டால் இரண்டும் என்பேன். கதவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மாவிலைத் தோரணமோ, பிள்ளையார் படமோ மாட்டுவது, நடைபாதையில் வீட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு துளசித் தொட்டி வைப்பது எல்லாம் அலங்காரம் இல்லை. போன செல்களுக்குப் பதிலாக வெளியே வைக்கும் அடையாளங்கள்.

இன்னொரு புதிர். அதே பாட்டி காலையில் கோயிலுக்குத் தனியாக நடந்து போய்த் திரும்பி வந்துவிடுகிறார். எப்படி? பல ஆண்டு நடந்த பாதையைக் கால் தெரிந்து வைத்திருக்கிறது. 'கடை தாண்டி இடது, படி இறங்கி நேர்' என்ற பழக்கம் மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைச் சேர்ந்தது. அல்சைமர் அதை வெகுநாள் விட்டுவைக்கிறது. என்றைக்காவது வடிகால் வேலைக்காக அந்தப் பாதையை அடைத்துவிட்டால், சுற்றுவழி போட வரைபடம் வேண்டும். அன்றுதான் காணாமல் போவார்.

கை கால் கற்றது வேறு இடத்தில் இருக்கிறது என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். 1953இல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக அவருடைய இரண்டு ஹிப்போகாம்பஸ்களின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் தடவை செய்வதாகவே அவர் நினைத்தார்.

தோட்டத்து ஆட்களுக்குப் புரியும்படி சொல்வதானால் ஹிப்போகாம்பஸ் ஒரு கிராணி. அன்றன்று யார் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் என்று செக்ரோலில் எழுதுகிறவர். கிராணி ஓடிப்போனால் இன்றைய கணக்கு ஏறாது. முப்பது வருடத்துப் பழைய பேரேடுகள் அறையில் அப்படியே இருக்கும். பால் வெட்டுகிறவர் கையிலிருந்து உளியும் நழுவாது. பால்வெட்டு சாதாரண வேலையல்ல. விடியும் முன் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், சாய்வாகப் போன பழைய வெட்டின் மேலேயே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், பட்டை முடிச்சு விழும். நூற்றுக்கணக்கான மரங்கள் கொண்ட நிரையை வெயில் ஏறுமுன் முடித்தவருக்கு அந்த மணிக்கட்டுத் திருப்பம் சிறுமூளையிலும் ஸ்ட்ரையேட்டத்திலும் பதிந்துபோயிருக்கிறது. காலையில் சாப்பிட்டதை மறந்தவர், கத்தியைக் கொடுத்தால் வெண்டைக்காயை ஒரே அளவில் நறுக்குவார். பார்க்கிற மருமகளுக்குச் சந்தேகம் வரும்: 'இதெல்லாம் நல்லாத்தான் செய்றாங்க, மத்ததுக்கு மட்டும் நடிக்கிறாங்களா?' நடிப்பில்லை. இரண்டும் இரு வேறு பகுதிகளின் வேலை.

அன்றாட வேலைகளை மருத்துவர்கள் இரண்டு பட்டியலாக எடைபோடுவார்கள். 1963இல் சிட்னி காட்ஸ் போட்டது அடிப்படைப் பட்டியல்: குளியல், உடை, கழிவறை, எழுந்து நடமாடுவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, சாப்பிடுவது என்று ஆறு. 1969இல் லாட்டனும் பிராடியும் போட்டது சிக்கலான வேலைகளுக்கு: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று எட்டு. பொதுவாக இரண்டாவது பட்டியல்தான் முதலில் சரியும்; அதிலும் பணமும் மருந்தும் முந்திக்கொள்ளும். கடையில் ஐந்து வெள்ளி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது வெள்ளி நீட்டுவது, காலை மாத்திரையை இரண்டு தடவை போடுவது, இரவு மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைப்பது. சோறு பிசைந்து வாயில் வைப்பது ஏறக்குறையக் கடைசியில்தான் போகும்.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. லாட்டனும் பிராடியும் முதலில் ஆண்களுக்குச் சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது மூன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை. அமெரிக்க ஆணுக்கே அந்தச் சலுகை என்றால் நம் தாத்தாக்களைச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கத் தேநீர்கூடப் போடாத மனிதருக்குத் தேநீர் போடும் திறன் போனதை யார் கவனிப்பார்கள்? வங்கிக்கு மகன் போகிறான், மருந்தை மனைவி எடுத்துக் கொடுக்கிறார். மனைவி இறந்த பிறகு, 'துக்கத்தில் அப்பா இப்படி ஆயிட்டார்' என்பார்கள். துக்கமும் இருக்கும்தான். ஆனால் பல நேரங்களில் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே மூளை சுருங்கத் தொடங்கியிருக்கும். மனைவி மறைத்து வைத்திருந்தார், தனக்கே தெரியாமல்.

பாட்டிகளின் விஷயத்தில் காட்ஸின் 'உடை' என்ற ஒற்றைச் சொல் போதாது. சட்டையை மாட்டுவதும் ஐந்தரை மீட்டர் சேலையைக் கட்டுவதும் ஒன்றா? கொசுவத்தை எண்ணி மடிப்பது, எந்தக் கரை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பார்ப்பது, தன் உடம்பைச் சுற்றித் துணி போகும் திசையை மனத்தில் வைத்திருப்பது எல்லாம் உச்சந்தலைக்குப் பின்னால் உள்ள மடலின் வேலை. அந்த மடல் மெலியும்போது முந்தானை உட்பக்கம் போகும். கண்ணில் கோளாறு இருக்காது. கையில் பலமும் இருக்கும். பாட்டி திடீரென்று நைட்டிக்கு மாறிவிட்டார், கேட்டால் 'சேலை கனமா இருக்கு' என்கிறார் என்றால், அது வெறும் வசதியா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. சமையலில் முதலில் தட்டுத்தடுமாறுவது முன்மடல்: அடுப்பில் பருப்பு வேகும்போதே புளி கரைத்து, அதற்கிடையில் தாளிப்புக்கு எடுத்து வைக்கும் வரிசை குலையும். குழம்பின் ருசி கெட்டுப்போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முகர்வு உணர்வுக்கான நரம்புப் பாதை அதே என்டோரைனல் வாசலை ஒட்டிப் போவதால், வாசனை தெரியாமல் போவது அல்சைமரில் மிக முன்கூட்டியே வருகிறது. சோறு தீய்கிற வாசனையும் கேஸ் கசியும் வாசனையும் அவருக்கு எட்டாது. தனியாக இருக்கும் பாட்டியின் சமையலறையில் நான் முதலில் கவலைப்படுவது இதற்காகத்தான்.

இதுவரை அல்சைமர். கம்போங் மேடானில் இரத்தக்குழாய்க் கோளாறால் வரும் இன்னொரு மறதி நோயும் சமமாகப் பேசப்பட வேண்டும். 2019இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசிய வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாத மூளையில் மயிரிழை போன்ற இரத்தக்குழாய்கள் தடிக்கின்றன, அடைபடுகின்றன. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் வெண்பொருளில் எம்ஆர்ஐ வெள்ளைத் திட்டுகளைக் காட்டும். ஹிப்போகாம்பஸ் ஓரளவு நன்றாகவே இருக்கலாம். ஆகவே இவர்களுடைய மறதி வேறுவிதமானது: தானாக நினைவு வராது, ஒரு குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். பெரிய தொந்தரவு வேகத்திலும் முனைப்பிலும் இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதம். நடை சிறு அடியாகிவிடும். சிறுநீரை அடக்க முடியாது. டிவி முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். குளிக்கச் சொன்னால் 'அப்புறம்' என்பார். வீட்டில் இதற்குச் 'சோம்பேறித்தனம்' என்றும் 'பிடிவாதம்' என்றும் பெயர். முன்மடலுக்குப் போகும் இணைப்புகள் அறுந்திருக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஆறுதல், இந்த நோயை மெதுவாக்க இன்றே வழி இருக்கிறது: அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவது, புகையை விடுவது.

லூயி உடல் மறதி நோய் என்று மூன்றாவதாக ஒன்று. 1912இல் ஃபிரிட்ஸ் லூயி கண்ட சிறு புரதத் திரட்சிகளின் பெயரால் வழங்குவது. இதில் படம் பெரும்பாலும் ஏமாற்றும். ஷெல்டன்ஸ் மதிப்பெண் குறைவாகவே வரும். ஆனால் பார்வையைப் பொருள்படுத்தும் வேலை குலைந்து, இல்லாத உருவங்கள் தெளிவாகத் தெரியும். 'சோபாவுல சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்கு, சோறு போடு' என்பார் பாட்டி. ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். குடும்பம் பூசாரியைத் தேடிப் போகும். அதில் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது: பிதற்றலை அடக்க ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநல மருந்துகளைக் கொடுத்தால் இவர்களுக்கு உடல் விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். 'இல்லாததைப் பார்க்கிறார்' என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

படத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாமல் போவதற்கு நோயின் வகை ஒரு காரணம். மற்றொன்று, அந்த மூளை எப்படி வாழ்ந்தது என்பது. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 678 பேரை வைத்து டேவிட் ஸ்னோடன் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், சகோதரி மேரி என்பவர் 101 வயதில் இறக்கும்வரை நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். அவர் மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமரின் படிவுகள் ஏராளம். படிப்பும் கற்பிக்கும் வேலையும் அவர் மூளைக்கு ஓர் இருப்பைச் சேர்த்துக் கொடுத்தன என்பது விளக்கம். அப்படியானால் உளியைப் பிடிக்கச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவருக்கு இருப்பே இல்லையா? ஹைதராபாத்திலிருந்து ஒரு பதில் வந்தது. 2013இல் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் 648 மறதி நோயாளிகளைப் பரிசீலித்து, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாக வந்திருப்பதைக் கண்டார்கள். எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது. பிற்பாடு வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் வீட்டில் தமிழும், பசாரில் மலாயும், பக்கத்து லயத்தில் தெலுங்கும் பேசி வாழ்ந்த பாட்டியைப் 'படிக்காதவர்' என்று ஒரே கோட்டில் நிறுத்துவது அறிவியலுக்கு ஒத்துவராது.

பரிசோதனையிலும் இதே கோளாறு. பென்சிலே பிடிக்காத கைக்குக் கடிகாரம் வரையச் சொல்லி, 'தவறு' என்று குறித்தால் யாருடைய தவறு? 2018 ஆய்வில் மலேசியா பயன்படுத்திய கேள்வித்தாள், எழுத்தறிவு குறைந்த ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக உருவானது. அதில் தீக்குச்சிகளை அடுக்கச் சொல்வார்கள், எழுதச் சொல்வதில்லை. எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் பலருக்கு முன்னதாகப் பின்வாங்கும். மலாயில் கேட்டால் விழிக்கிற பாட்டி தமிழில் கேட்டால் பதில் சொல்லக்கூடும். பேரனை அழைத்துப் போங்கள். அவனுக்குத் தமிழ் வராது என்றால் பக்கத்து வீட்டு அக்காவை.

போன செல்கள் திரும்புவதில்லை. 1996 முதல் புழக்கத்தில் உள்ள டோனபெசில் எஞ்சிய செல்களுக்கிடையே செய்தி போக உதவுகிறது, அவ்வளவே. 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கனமாப் படிவுகளை அகற்றுகிறது. நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. மூளை வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். சாதாரணக் குடும்பங்களுக்கு இப்போதைக்கு எட்டாத தூரம்.

எட்டும் தூரத்தில் இருப்பவை வேறு. 2014இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சந்தோஷமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். காட்சி சில நிமிடத்தில் மறந்துபோனது. அது எழுப்பிய உணர்ச்சி அதன் பிறகும் நீடித்தது. காலையில் திட்டியதைப் பாட்டி மறந்துவிடுவார். மனம் கனத்திருப்பது மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஏன் என்று அவருக்கும் தெரியாது. பெட்டாலிங் ஜெயாவில் 1997 முதல் மலேசிய அல்சைமர் அறக்கட்டளை இயங்குகிறது. பகல்நேரப் பராமரிப்பு பற்றியும், பராமரிப்பவர்களுக்கான உதவி பற்றியும் அங்கே விசாரிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவும் இந்த வட்டாரத்துக்குப் பக்கம்தான்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: போன தீபாவளிக்குச் செய்த எதை இந்தத் தீபாவளிக்கு அவரால் செய்ய முடியவில்லை. பலகாரமா, கடைக்குப் போவதா, சேலையா, மாத்திரையா. எந்த ஸ்கேனுக்கும் இது குறைந்த தகவலல்ல. அடுத்து இரத்தப் பரிசோதனை. மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் மறதி நோய் மாதிரியே தெரியும், சரி செய்யவும் முடியும். சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மெல்லக் கசியும் இரத்தக் கட்டை ஒரு ஸ்கேன் காட்டிவிடும், அகற்றினால் பலர் தேறிவிடுவார்கள். இவற்றைப் பார்க்காமல் 'வயசாயிடுச்சு' என்று யார் சொன்னாலும் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.